அம்மாவின் பேரில் எட்டு நாட்கள்

மார்ச் 4, செவ்வாய்

இன்று அம்மாவுக்கு அறுபத்தோராவது நாள். இன்னும் இருபத்தொன்பது.

தேயிலைத் தோட்டத்தை நடத்த வந்த புதிய துரை டிசம்பரில், காலையில் பேர் கூப்பிடும் பெரட்டுக் களத்தில் எல்லாரையும் நிற்க வைத்துச் சொன்னார். பேர் பதியாமல் அன்றாடக் கைக்காசுக்கு வேலை செய்பவர்களில் யார் தொண்ணூறு வேலை நாள் ஒரு நாளும் விடாமல் வருகிறார்களோ, அவர்களை நிரந்தர ஆளாகத் தோட்டத்தில் பேர் பதிவார்களாம். ஒரு நாள் விட்டாலும் மறுபடி ஒன்றிலிருந்து எண்ண வேண்டும். அம்மா ஒன்பது வருடமாகக் கைக்காசுக்குத்தான் கொழுந்து எடுக்கிறாள். லயத்து வரிசை வீடுகளில் நாங்கள் இருக்கிற பன்னிரண்டாம் காம்பரா அப்பாவின் பேரில் கிடைத்தது. அப்பா கொழும்புக்குப் போய் நான்கு வருடம் ஆகிறது. பேர் பதிந்த ஆள் இல்லாத வீட்டைத் திருப்பி எடுப்போம் என்று ஆபீசிலிருந்து இரண்டு தடவை கடிதம் வந்துவிட்டது. அம்மா பேர் பதிந்தால் வீடு நிற்கும்.

காலையில் மலைத் தண்ணீர் விழும் பீலியில் நான்கு குடம் பிடித்தேன். மழைக்குப் பிறகு தண்ணீர் கொஞ்சம் மங்கலாக இருக்கிறது. பகலில் பக்கத்துக் காம்பரா இந்திராணி அக்கா வேலையிலிருந்து சாப்பிட வந்தபோது பின்பக்கமாக வந்து, "சுலோ, ரோட்டோரம் கீழாநெல்லி கெடக்குதா? ஒரு கட்டு பறிச்சிட்டு வாறியா?" என்று கேட்டார். யாருக்கு என்று நான் கேட்கவில்லை. நான் எதையும் கேட்பதில்லை.

ஏப்ரல் பதினான்குக்குப் பிறகு டவுனில் தையல் வகுப்பு தொடங்குகிறது. எட்டாயிரம் சேர்த்தாகிவிட்டது. ஒன்பதாம் வகுப்போடு நின்றவர்களையும் சேர்ப்பார்களாம். கேட்டுவந்தது அம்மாதான்.

மார்ச் 6, வியாழன்

கீழாநெல்லி மூன்று கட்டு. பீலி ஓரத்தில் இருந்ததைப் பறிக்கவில்லை. அங்கே தண்ணீர் நாறுகிறது.

மார்ச் 8, சனி

இன்று ஐந்து கட்டு. எல்லாரும் பின்பக்கமாகத்தான் வருகிறார்கள். ஒருத்தர் வந்தது அடுத்தவருக்குத் தெரியாது. எல்லாரும் ஒரே மாதிரி, "யாருகிட்டயும் சொல்லிறாத புள்ள" என்கிறார்கள். கடைசி வீட்டு ஜெயசீலி அத்தை மட்டும், "ஒங்கிட்ட சொன்னா என்னா, கோயில் தூணுகிட்ட சொன்னா என்னா, ரெண்டும் ஒன்னுதான்" என்று சிரித்தார். எனக்கும் சிரிப்பு வந்தது. அவர் போன பிறகு அவ்வளவு சிரிப்பு வரவில்லை.

வேலைக்குப் போகிறவர்கள் யாரும் ஆஸ்பத்திரிக்குப் போவதில்லை. போனால் ஒரு நாள் பேர் விழாது. கைக்காசுக்காரருக்குத் தொண்ணூறு நாள் உடைந்துவிடும். பேர் பதிந்தவர்களுக்கு மாதக் கடைசியில் வரும் வருகைக் காசு போய்விடும். அதனால் விடியுமுன் கீழாநெல்லியை அரைத்து மோரில் குடித்துவிட்டு மலைக்குப் போகிறார்கள். மாடு வைத்திருக்கிற பார்வதி வீட்டில் மோர் விலை ஏறிவிட்டது.

நான் எண்ணவில்லை. ஆனால் எண்ணிக்கை தானாக மனசில் நிற்கிறது. இதுவரை ஒன்பது வீடு.

மார்ச் 10, திங்கள்

அம்மா சோற்றைப் பார்த்ததும் எழுந்து போய்விட்டாள். மூன்று நாளாகக் காய்ச்சல் என்று இப்போதுதான் சொல்கிறாள். அதோடுதான் மலைக்குப் போயிருக்கிறாள். வாசல் வெளிச்சத்தில் கண்ணைக் காட்டச் சொன்னேன். "ஒன்னுமில்ல, பித்தம்" என்று திரும்பிக்கொண்டாள். பார்த்துவிட்டேன். நல்ல மஞ்சள்.

இன்று அம்மாவுக்கு அறுபத்தாறு.

மார்ச் 11, செவ்வாய்

அம்மாவால் எழுந்து நிற்க முடியவில்லை. சுவரைப் பிடித்துக்கொண்டு இரண்டு அடி வைத்தாள், உட்கார்ந்துவிட்டாள். பிறகு தன் சட்டையையும் இடுப்பில் கட்டும் படங்குத் துணியையும் எடுத்து என் பக்கம் தள்ளினாள்.

"போ."

"நானா?"

"துரை புதுசு. மொகம் தெரியாது. கங்காணி பேரக் கூப்பிட்டா கையத் தூக்கு. பேச வேணாம்."

பேச வேண்டாம் என்று சொன்னதால்தான் போனேன்.

பெரட்டுக் களத்தில் இந்திராணி அக்கா பக்கத்தில் நின்றேன். அவருக்கு ஆறாம் மாதம், வயிறு படங்குக்கு மேலே தெரிகிறது. செபமாலைக் கங்காணி கூப்பிட்டுக்கொண்டே வந்தார். "புஷ்பராணி." அம்மாவின் பேர். கையைத் தூக்கினேன். கங்காணி என்னைப் பார்த்தார். நான் பிறந்ததிலிருந்து என்னைத் தெரிந்தவர். பேனா கொஞ்ச நேரம் தாளுக்கு மேலேயே நின்றது. பிறகு எழுதினார். என்னைக் கடந்து போகும்போது மெதுவாக, "துண்ட முன்னுக்கு இழுத்து விடு" என்றார்.

அவர் வீட்டுக்கும் நான் கீழாநெல்லி கொடுத்திருக்கிறேன். இரண்டு தடவை.

மார்ச் 12, புதன்

பதினெட்டுக் கிலோ எடுக்க வேண்டும். என் கூடையில் எட்டரை. நிறுக்கப் போவதற்கு முன்னால் இந்திராணி அக்கா தன் கூடையிலிருந்து இரண்டு கை அள்ளிப் போட்டார். ஜெயசீலி அத்தையும் போட்டார். "ஒங்கம்மா எடுத்தா இருவது எடுப்பா. நீ என்னா, தலைக்குப் பூவா பறிக்கிற?"

விரல் நுனியெல்லாம் கறுத்து வெடித்திருக்கிறது. பேனா பிடிக்க எரிகிறது.

மார்ச் 14, வெள்ளி

எழுபது. அம்மா படுத்தபடி விரலை மடக்கி எண்ணுகிறாள். என்னிடம் வேறு எதுவும் கேட்பதில்லை.

மார்ச் 15, சனி

வேலை முடிந்து வரும்போது சுகாதாரப் பரிசோதகர், பி.எச்.ஐ. ஐயா, மோட்டார் சைக்கிளை லயத்து முன்னால் நிறுத்திவிட்டு நின்றார். எங்கள் லயத்துப் பிள்ளைகள் மூன்று பேருக்கு மஞ்சள்காமாலை என்று பள்ளிக்கூடத்திலிருந்து சொல்லியிருக்கிறார்கள். அவர் பீலிக்கு மேலே ஏறிப் போய்ப் பார்த்தார். போன வருடம் கட்டிய கக்கூஸ் குழிக்கும் தண்ணீர்க் குழாய்க்கும் பத்து அடி கூட இல்லையாம்.

"வேற யாருக்கும் இருக்கா?" என்று வீடு வீடாகக் கேட்டார்.

"இல்லீங்க ஐயா."

"கண்ணு மஞ்சளா, சாப்பாடு செல்லாம, வாந்தி?"

"எங்களுக்கெல்லாம் சொகந்தாங்க. புள்ளைங்கதான் கண்டதத் தின்னுதுங்க."

எங்கள் வீட்டு வாசலில் நான் நின்றேன். அம்மா உள்ளே விறகு அடுக்குக்குப் பின்னால் போர்த்திக்கொண்டு கிடந்தாள். அவர் என்னைப் பார்த்துக் கேட்டார். நான் தலையை ஆட்டினேன். இல்லை என்று ஆட்டினேன்.

அவர் எல்லாரையும் பார்த்துச் சொன்னார். "இங்க பாருங்க. மூனு பேர வச்சிக்கிட்டு நான் ஒன்னும் செய்ய ஏலாது. மூனு பேருக்கு தண்ணி லொறி, பவுசர் தாங்கன்னு எழுதினா மேல சிரிப்பாங்க. பீலிய மூடுங்கன்னா தோட்டத்துல கேக்க மாட்டாங்க. கூடுதலா இருந்தா சொல்லுங்க. ஒங்களுக்காகத்தான் கேக்கிறேன்." ஒவ்வொருவராக உள்ளே போக ஆரம்பித்தார்கள். "அப்ப தண்ணியக் கொதிக்க வச்சாவது குடிங்க" என்று சொல்லிவிட்டுப் போனார்.

ஜெயசீலி அத்தை அவர் போனதும், "கொதிக்க வைக்க இவரு வெறகு கட்டிக்கிட்டு வருவாரா?" என்றார்.

இன்றோடு பதினேழு வீடு. எனக்கு மட்டும்தான் தெரியும்.

மார்ச் 16, ஞாயிறு

விறகுக்குப் போனேன். ஒரு குடம் தண்ணீர் கொதிக்க அரைக் கட்டு விறகு போகிறது. ஒரு நாளைக்கு நான்கு குடம் என்றால் மலைக்குப் போகவா, விறகுக்குப் போகவா? அம்மாவுக்கு மட்டும் கொதிக்க வைத்தேன். நான் பச்சைத் தண்ணீர்தான் குடிக்கிறேன். இனிமேல் குடிக்கக் கூடாது.

கடை முதலாளி குளுக்கோஸ் பெட்டி விலையை ஏற்றிவிட்டார். போத்தல் தண்ணீரும் அப்படித்தான். "டவுன்லயே இல்ல புள்ள, நான் என்னா செய்ய" என்கிறார். பின்னால் ஏழு பெட்டி அடுக்கியிருந்தது. மூன்று குளுக்கோஸ், வீட்டுக்கு வந்து ஊசி போடுபவரைக் கூட்டி வந்த கூலி, செவ்விளநீர், மோர். தையல் வகுப்புக் காசில் மூவாயிரத்து நானூறு போய்விட்டது. அம்மா கேட்கவில்லை, நானும் சொல்லவில்லை. வகுப்பில் சேர்ந்த பிறகு மீதியைக் கட்டலாமா என்று கேட்க வேண்டும். யாரையாவது விட்டுக் கேட்கச் சொல்ல வேண்டும்.

மார்ச் 18, செவ்வாய்

இந்திராணி அக்கா மலையில் மூன்று தடவை வாந்தி எடுத்தார். கண் மஞ்சளாகிவிட்டது. கொழுந்துச் செடிக்கு நடுவில் உட்கார்ந்து என் கையைப் பிடித்துக்கொண்டார்.

"இன்னும் பதினேழு நாளுதான் சுலோ. பேரு பதிஞ்சிட்டா புள்ள பொறக்கிற நேரம் சம்பளத்தோட லீவு குடுப்பாங்க. இல்லாட்டி இந்த வயித்தோட கடைசி நாள் வரைக்கும் கூடை தூக்கனும். யாருகிட்டயும் சொல்லிறாத."

"சொல்ல மாட்டேன் அக்கா."

கீழாநெல்லி போதுமா என்று கேட்டேன். போதும் என்றார். எனக்குப் போதும் என்று தோன்றவில்லை. எட்டாம் வகுப்புச் சுகாதாரப் புத்தகத்தில் ஒரு பக்கம் இருந்தது. கர்ப்பிணிகளுக்கு வந்தால் ஆபத்து என்று கட்டம் போட்டு எழுதியிருந்தது. புத்தகத்தைப் பெட்டியில் தேடினேன். கிடைக்கவில்லை. கிடைத்திருந்தால் என்ன செய்திருப்பேன் என்றும் தெரியவில்லை.

மார்ச் 19, புதன்

பதினொரு மணிக்கு அக்கா கூடையோடு சாய்ந்துவிட்டார். கூப்பிட்டால் ஏதோ பேசுகிறார், நாங்கள் யார் என்று அவருக்குத் தெரியவில்லை. "அம்மா, கதவத் தொற" என்று என்னைப் பார்த்துச் சொன்னார். படங்கை விரித்து அதில் தூக்கிக்கொண்டு ரோட்டுக்கு வந்தோம். த்ரீவீல்காரர், நோய்க்காரரை ஏற்றினால் வண்டி கழுவக் காசு தனி என்றார். அக்கா புருஷன் கையில் இருந்ததையெல்லாம் எண்ணாமல் கொடுத்தார்.

பின்னேரம் செய்தி வந்தது. டவுன் ஆஸ்பத்திரியில் வைத்திருக்காமல் கண்டிக்கு அனுப்பிவிட்டார்கள். இன்னும் நினைவு இல்லை.

பீலியில் வழக்கம்போல் குடங்கள் வரிசையாக நின்றன. எல்லாரும் இந்திராணியைப் பற்றித்தான் பேசினார்கள். பேசிக்கொண்டே தண்ணீர் பிடித்தார்கள். நானும் பிடித்தேன்.

அம்மா, "எழுபத்திநாலு" என்றாள். எனக்கு முதல் தடவையாக அம்மாவின் மேல் கோபம் வந்தது.

மார்ச் 20, வியாழன்

நடந்ததை நடந்தபடி எழுதுகிறேன்.

பெரட்டுக்குத் துரையும் பி.எச்.ஐ. ஐயாவும் வந்திருந்தார்கள். ஐயா சத்தமாகக் கேட்டார். "நேத்து ஒருத்தர் நெனவில்லாம கண்டிக்குப் போயிருக்கிறாங்க. புள்ளைங்க மூனு பேரு. அவங்க நாலு பேரு மட்டுமா இந்தப் பீலியில தண்ணி குடிச்சாங்க? இப்பயாவது சொல்லுங்க."

துரை கைக்கடிகாரத்தைப் பார்த்தார். "சுகமில்லாதவங்க யாரும் வேலைக்கு வரக்கூடாது. பேரைக் குடுத்திட்டு வீட்டுல இருக்கலாம்" என்றார்.

யாராவது பேசினால் தரையைப் பார்ப்பவள் நான் மட்டும்தான் என்று நினைத்திருந்தேன். இன்று எழுபது பேரும் தரையைப் பார்த்துக்கொண்டு நின்றார்கள்.

கங்காணி அவசரமாகப் பேர் கூப்பிட ஆரம்பித்தார். "புஷ்பராணி." என் கை எழவில்லை. நான் வேண்டுமென்று செய்யவில்லை. "புஷ்பராணி!" ஜெயசீலி அத்தை முழங்கையால் இடித்தார். மூன்றாவது தடவை கூப்பிட்டபோது நான், "வரல" என்றேன்.

"என்னா?"

"புஷ்பராணி வரல. பதினோரு நாளா மஞ்சக்காமாலை. நான் அவங்க மக."

என் குரல் எனக்கே வேறு யாருடையதோ போல் இருந்தது. ஐயா பக்கத்தில் வந்தார். "வேற எத்தனை பேருக்கு இருக்கு?"

"பதினேழு வீட்டுல இருவத்தாறு பேருக்கு."

"ஒங்களுக்கு எப்படித் தெரியும்?"

"கீழாநெல்லி நான்தான் பறிச்சிக் குடுத்தேன்."

"எந்தெந்த வீடு?"

எல்லாரும் என்னைப் பார்த்தார்கள். அந்தப் பார்வையை எழுத எனக்குத் தெரியவில்லை. "அது சொல்ல மாட்டேங்க ஐயா. எங்க வீடு பன்னெண்டாம் காம்பரா. அத எழுதிக்கங்க."

அவர் எழுதினார். பிறகு செபமாலைக் கங்காணி பேர்ப் புத்தகத்தை மூடிவிட்டு, "என் வீட்டுலயும் இருக்குங்க ஐயா. சம்சாரத்துக்கு. ரெண்டு வாரமா" என்றார். அதற்குப் பிறகு ஒரு கை எழுந்தது. பிறகு இன்னொன்று. எட்டு வீட்டுக்காரர்கள் கை தூக்கினார்கள். மற்றவர்கள் கடைசிவரை தூக்கவில்லை.

மார்ச் 21, வெள்ளி

அடுத்தவர் பேரில் வேலை செய்ததற்காக எட்டு நாள் சம்பளமும் கிடையாது. அம்மாவின் எழுபத்துநான்கு நாளும் போயிற்று. பேர் எழுதியதற்காகக் கங்காணியை இரண்டு வாரம் வேலையிலிருந்து விலக்கிவைத்துவிட்டார்கள்.

அம்மா சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்தபடி சொன்னாள். "ஒனக்கு வாயே இல்லன்னு நெனச்சிக்கிட்டு இருந்தேன்."

அவ்வளவுதான். கஞ்சியை வைத்தேன். குடிக்கவில்லை.

மார்ச் 23, ஞாயிறு

நேற்று பீலியில் சிமெந்து பூசி அடைத்துவிட்டார்கள். இன்று முதல் பவுசர் வருகிறது. காலையும் பின்னேரமும், வீட்டுக்கு ஆறு குடம். மருத்துவிச்சியான மிட்வைப் மிஸ் எல்லாருடைய கண்ணையும் இழுத்துப் பார்த்தார். கணக்கு முப்பத்தொன்று. என்னிடம் வராதவர்களும் இருந்திருக்கிறார்கள்.

பவுசர் எங்கள் வீட்டுக்கு எதிரில்தான் நிற்கிறது. நான் வரிசையில் நின்றபோது முன்னால் நின்றவர் குடத்தைத் தூக்கிக்கொண்டு தள்ளிப் போனார். ஜெயசீலி அத்தை பேச ஆரம்பித்தார். கை தூக்கிய எட்டு வீட்டில் அவர் வீடு இல்லை. ஆனால் மிஸ் அவருடைய கண்ணில் மஞ்சளைப் பார்த்துவிட்டார்.

"தூணுன்னு நெனச்சி சொன்னமே, தூணுக்குள்ள பாம்பு இருந்திருக்கு. எனக்கு எழுவத்தஞ்சு நாளு. யாரு தருவா?"

நான் குடத்தைப் பார்த்துக்கொண்டு நின்றேன். பின்னால் கதவுச் சத்தம் கேட்டது. அம்மா. பதின்மூன்று நாளில் முதல் தடவையாக வாசலுக்கு வந்து நிலையைப் பிடித்துக்கொண்டு நின்றாள்.

"ஏன் ஜெயசீலி, கொடத்துல விழுதே, அந்தத் தண்ணி எங்கயிருந்து வருது? அவ வாயத் தொறந்ததுனால வருது. வேணாம்னா கவுத்திட்டுப் போ. எனக்கும்தான் எழுவத்திநாலு போச்சு. நான் அழுதுக்கிறேன், அவள நீ ஒன்னும் சொல்லாத."

அத்தை குடத்தைக் கவிழ்க்கவில்லை. அம்மா அங்கேயே உட்கார்ந்துவிட்டாள். கைத்தாங்கலாக உள்ளே கூட்டிப்போனேன். உள்ளே போனதும் என் கையை விட்டுவிட்டாள். என்னோடு பேசவில்லை.

மார்ச் 27, வியாழன்

இந்திராணி அக்காவுக்கு நினைவு திரும்பிவிட்டது. பிள்ளை ஏழு நாள் முன்னாலேயே வயிற்றில் இறந்துவிட்டதாம். ஏழு நாள் என்றால் நான் பேசிய நாள். அதற்கு முந்தின நாள் பேசியிருந்தால் என்று எழுத ஆரம்பித்து நிறுத்திவிட்டேன்.

அக்கா புருஷன் கண்டிக்கும் தோட்டத்துக்கும் அலைந்த செலவுக்குத் தான் வளர்த்த காளைக் கன்றை விற்றுவிட்டார்.

ஏப்ரல் 8, செவ்வாய்

பெரட்டுக் கொட்டகைச் சுவரில் பேர் பதிந்தவர்களின் பட்டியல் ஒட்டியிருக்கிறது. முப்பத்தேழு கைக்காசுக்காரர்களில் ஒன்பது பேர். அம்மா போய்ப் படித்துவிட்டு வரச் சொன்னாள். ஒன்பது பேரையும் சொன்னேன். இன்னொரு தடவை சொல்லச் சொன்னாள். சொன்னேன். தலையை ஆட்டிக்கொண்டு, "பார்வதிக்குக் கெடச்சது நல்லது. நாலு புள்ளைங்க" என்றாள்.

புதிய தொண்ணூறு நாள் இருபத்தோராம் தேதி தொடங்குகிறது. அது முடியும்வரை வீட்டை எடுக்க மாட்டார்களாம்.

ஏப்ரல் 14, திங்கள்

வருடப் பிறப்பு. பாற்சோறு பவுசர் தண்ணீரில் பொங்கினோம். குளோரின் வாசம் அடித்தது. சாப்பிட்டோம்.

ஏப்ரல் 19, சனி

மிஸ் அம்மாவின் கண்ணைப் பார்த்தார். இன்னும் ஆறு வாரமாவது பாரம் தூக்கக் கூடாது என்று கடதாசியில் எழுதிக் கொடுத்தார். அம்மா அதை மடித்து விளக்கு மாடத்தில் வைத்தாள்.

டவுனில் வகுப்பு புதன்கிழமையே தொடங்கிவிட்டது. இங்கிருந்து இரண்டு பிள்ளைகள் பஸ்ஸில் போவதைப் பார்த்தேன். பரவாயில்லை. தையல் மெஷின் இல்லாமல் படித்து என்ன செய்ய?

ஏப்ரல் 21, திங்கள்

நேற்றுப் பின்னேரம் அரிசி புடைத்துக்கொண்டிருந்தபோது அம்மா தானாகப் பேசினாள். "ஒரு ஊட்டுக்கு ஒரு பேரு இருந்தாப் போதுமாம். யாரு பேருன்னு சட்டமில்லயாம். கங்காணிகிட்ட கேட்டிட்டேன்."

நான் புடைப்பதை நிறுத்தவில்லை.

"ஒனக்குப் பதினாறு முடிஞ்சிருச்சில்ல?"

"முடிஞ்சிருச்சி."

இன்று காலை பெரட்டுக் களத்தில் புது ஆட்கள் தனி வரிசை. தண்டனை முடிந்து வேலைக்குத் திரும்பியிருந்த செபமாலைக் கங்காணி புதுப் புத்தகத்தோடு வந்தார். எனக்கு முன்னால் நின்று, என்னைத் தெரியாதவர் மாதிரி, "பேரு என்னா?" என்று கேட்டார்.

"சுலோஜினி."

"கேக்கல."

"சுலோஜினி. பன்னெண்டாம் காம்பரா."

எழுதினார். எழுதிவிட்டுப் பேனாவை எடுக்காமல், "கூடைக் கயித்துக்கு அடியில துணி மடிச்சி வச்சிக்க. மொத வாரம் தலை வலிக்கும்" என்றார்.

பதினொரு கிலோ எடுத்தேன். யாரும் என் கூடையில் அள்ளிப் போடவில்லை. பின்னேரம் வீட்டுக்கு வந்தபோது அம்மா தேத்தண்ணி ஊற்றி ஆற்றி வைத்திருந்தாள். என் விரல்களைப் பிடித்துத் திருப்பிப் பார்த்தாள். தேங்காயெண்ணெய் தடவினாள்.

"இன்னும் எம்பத்தொம்போது" என்றாள். அம்மா சிரித்தாள். ஒரு மாதத்துக்கு மேல் ஆகிறது அந்தச் சிரிப்பைப் பார்த்து.

நானும் சிரித்தேன். பிறகு குடத்தை எடுத்துக்கொண்டு பவுசர் வரிசைக்கு ஓடினேன்.